தம்புசாமிப் பிள்ளையும் ஒரு தலைநகரும்

கோலாலம்பூர் சௌக்கிட் வட்டாரத்தில் ஜாலான் தம்புசாமி என்றொரு சாலை உண்டு. தினமும் அதைக் கடந்து போகும் மாணவர்கள் பலருக்கு அது யாருடைய பெயர் என்று தெரிவதில்லை. தலைநகரின் வரலாறு என்றதும் யாப் ஆ லோய், பிராங்க் சுவெட்டன்ஹம் ஆகியோரையே நாம் சொல்கிறோம். அவர்களோடு தம்புசாமிப் பிள்ளையையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

தமிழகத்திலிருந்து வந்த குடும்பத்தில், 1850-இல் சிங்கப்பூரில் பிறந்தார். ராஃபிள்ஸ் கல்விக்கழகத்தில் ஆங்கிலம் கற்று, டேவிட்சன் என்ற வழக்கறிஞரிடம் எழுத்தராகச் சேர்ந்தார். 1875-இல் டேவிட்சன் சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக நியமிக்கப்பட்டபோது, அவருடன் கிள்ளானுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 25.

அன்று தலைநகர் கிள்ளான்தான். கோலாலம்பூரோ, 1857-இல் ஈயம் தேடி வந்தவர்களால் இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் உருவான ஊர். உள்நாட்டுப் போரில் சிதைந்து மெல்ல எழுந்துகொண்டிருந்தது. 1880-இல் நிர்வாகம் அங்கு மாறியது. மறு ஆண்டே தீயும் வெள்ளமும் ஊரை அழித்தன. அதன்பின் மரம், அத்தாப்பு வீடுகளுக்குப் பதிலாகச் செங்கல் கட்டடங்கள் எழுந்தன. செங்கல் சூளைகள் இருந்த இடமே இன்றைய பிரிக்பீல்ட்ஸ். 1886-இல் கிள்ளான் பக்கம் ரயில் ஓடத் தொடங்கியது.

இந்த மாற்றங்களின் நடுவே தம்புசாமி கருவூலத்தின் தலைமை எழுத்தராக உயர்ந்தார். சில வேளைகளில் தற்காலிகப் பொருளாளராகவும் இருந்தார். ரயில் பாதைக்கும் பொதுப்பணிகளுக்கும் தொழிலாளர்களை அழைத்துவர அரசாங்கம் இவரை இந்தியாவுக்கு அனுப்பியது. பின்னர் அரசுப் பணியை விட்டுத் தொழிலில் இறங்கினார். லோக் யூவுடன் சேர்ந்து ரவாங்கில் நடத்திய ஈயச் சுரங்கத்தில் மின்சாரப் பம்புகளைப் பயன்படுத்தினார்.

ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயம் உருவானதில் இவர் பங்கு பெரியது. 1891-இல் பத்துமலைக் குகையில் முருகன் வழிபாட்டைத் தொடங்கிவைத்தவரும் இவரே. இரண்டே ஆண்டுகளில், 1893-இல், விக்டோரியா கல்விக்கழகம் நிறுவப்பட்டபோது லோக் யூ, கப்பித்தான் யாப் குவான் செங் ஆகியோருடன் அதன் அறங்காவலர்களில் ஒருவரானார். எல்லா இனப் பிள்ளைகளுக்கும் அந்தப் பள்ளியின் கதவு திறந்திருந்தது. தம் மக்களின் கோயிலுக்கும் எல்லோருக்குமான பள்ளிக்கும் ஒரே மனிதர் உழைத்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

1896-இல் கோலாலம்பூர் கூட்டு மலாய் மாநிலங்களின் தலைநகரானது. 1902-இல், 52 வயதில், தம்புசாமி சிங்கப்பூரில் காலமானார்.

அவர் வாழ்க்கையைப் படிக்கும்போது ஒரு கேள்வி என்னை உறுத்துகிறது. அவருக்கு ஒரு சாலை இருக்கிறது. அவர் அழைத்துவந்து தண்டவாளம் போட்ட தொழிலாளர்களுக்கு என்ன இருக்கிறது? அவர்களில் ஒருவர் பெயர்கூட நம் பாடநூலில் இல்லை. மாணவர்களே, நம் வீட்டுப் பாட்டி தாத்தாவிடம் அவர்களுடைய முன்னோர் எந்த ஊரிலிருந்து, எந்த வேலைக்கு வந்தார்கள் என்று இந்த விடுமுறையில் கேட்டு எழுதி வைப்போம். இந்த நகரத்தின் மீதி வரலாறு அங்கேதான் இருக்கிறது.