அமானிதம் கடனானது

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அத்தை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் திருமகனார் ஜுபைர் இப்னு அவ்வாம் (ரலி) அவர்கள். சுவனத்து நன்மாராயம் பெற்ற பதின்மருள் ஒருவர். அவர்தம் வாள்வன்மையைப் பேசுவோர் பலர்; கொடுக்கல் வாங்கலைப் பேசுவோர் சிலரே. நாம் பின்னதையே ஈண்டுக் காண விழைகின்றோம்.

ஆட்சிப் பொறுப்போ வரி தண்டும் பதவியோ அவர்கள் ஏற்றதில்லை. ஆயினும் மக்கள் தம் பொருளை அவர்களிடமே அடைக்கலமாகக் கொணர்ந்தனர். அவர்களோ அதனை அமானிதமாக ஏற்க மறுத்து, கடனாகவே பெற்றுக்கொண்டார்கள். அமானிதப் பொருள் காப்பவரின் தவறின்றி அழிந்தால் ஈடு செய்யும் கடமை அவருக்கில்லை. கடனோ எந்நிலையிலும் திருப்பித் தரவேண்டியது. கொடுத்தவர் பொருள் அழிந்துவிடலாகாதே என்னும் அச்சமே இதற்குக் காரணம். கடன் கொடுத்தவருக்கு முதல் உறுதி, மிகுதி இல்லை. மிகுதி வேண்டுவோர் முளாரபா முறையில் இலாபத்தை விகிதப்படி பகிர்ந்து, முதலின் நட்டத்தைத் தாமே தாங்கவேண்டும். முதலுக்கும் பழுதில்லை, மாதந்தோறும் குறித்த தொகையும் உண்டு என்போர் அதற்கு இலாபப்பங்கு என்று பெயரிட்டாலும் அது வட்டியே என்பது நம் துணிபு. இவ்வேறுபாட்டை அறியாது பொருளை இடுவோர் நம்மிடையே மிகப் பலர்.

ஹிஜ்ரி 36இல் (கி.பி. 656) ஜமல் போர் நாளன்று தம் மைந்தர் அப்துல்லாஹ் (ரலி) அவர்களை அழைத்து, கடனைத் தீர்க்குமாறும், இயலாவிடில் தம் எசமானனிடம் உதவி தேடுமாறும் பணித்தார்கள். எசமானன் யாரென மைந்தர் வினவ, அல்லாஹ்வே என விடை வந்தது. அன்று போர்க்களம் நீங்கிச் சென்றபோது ஜுபைர் (ரலி) அவர்கள் கொல்லப்பட்டார்கள்.

விட்டுச் சென்றவை நிலங்களும் வீடுகளுமே, ரொக்கம் ஒன்றுமில்லை. கடனோ 22 இலட்சம்! மதீனாவை அடுத்த அல்காபா நிலத்தை ஜுபைர் (ரலி) அவர்கள் 1,70,000க்கு வாங்கியிருந்தார்கள். மைந்தர் அதனை 16 இலட்சமாக மதிப்பிட்டு, பங்கொன்று 1 இலட்சமென விற்றார். 4 இலட்சம் கொடுத்திருந்த அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் (ரலி) அவர்கள் கடனை விட்டுக்கொடுக்க முன்வந்தபோதும் இசையாது, ஈடாக நிலத்தையே அளித்தார்.

கடன் தீர்ந்தபின் வாரிசுகள் பாகப்பிரிவினை கோரினர். மைந்தர் உடன்படவில்லை. நான்காண்டுகள் ஹஜ்ஜுக் காலந்தோறும், தந்தையாரிடம் பொருள் கொடுத்தோர் வருக என அறிவித்தார். அதன் பின்னரே சொத்து பிரிக்கப்பட்டது. வஸிய்யத்தான மூன்றிலொரு பாகம் நீங்கலாக, மனைவியர் நால்வருள் ஒவ்வொருவருக்கும் 12 இலட்சம் கிடைத்தது.