எண்ணெய் தீர்ந்த இரவு: காயத்தைச் சுடுவதை நிறுத்திய ஆம்ப்ரோஸ் பாரே

குண்டடி பட்ட காயத்தில் கொதிக்கிற எண்ணெயை ஊற்றினால் எப்படி இருக்கும்? சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பாவில் அதுதான் சிகிச்சை. வெடிமருந்து விஷம், அது உடம்பில் ஏறுவதற்குள் சுட்டுவிட வேண்டும் என்று அன்றைய மருத்துவ நூல்கள் சொல்லின.

யார் இந்த பாரே?

பிரான்சின் லவால் நகருக்கு அருகே 1510 வாக்கில் பிறந்தவர். லத்தீன் தெரியாது, பல்கலைக்கழகப் பட்டமும் கிடையாது. அந்தக் காலத்தில் முடிதிருத்துபவர்களே கட்டியைக் கீறுவார்கள், காயத்துக்குக் கட்டும் போடுவார்கள். பாரேயும் அப்படித் தொழில் கற்றவர்தான். பாரிஸ் மருத்துவமனையில் பயிற்சி முடித்து, படையோடு போர்க்களம் போனார்.

அந்த இரவில் என்ன ஆச்சு?

1536-37 இத்தாலியப் போர். துரின் பகுதியில் காயம்பட்டவர்கள் குவிய, எண்ணெய் தீர்ந்துபோனது. வேறு வழியில்லாமல் முட்டையின் மஞ்சள் கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன் மூன்றையும் கலந்து மீதிப் பேருக்குப் பூசினார். விஷம் ஏறிச் செத்துவிடுவார்களோ என்ற பயத்தில் தூக்கமே வரவில்லை. விடியும் முன்பே எழுந்து போய்ப் பார்த்தார். கலவை பூசியவர்கள் அதிக வலியில்லாமல் தூங்கியிருந்தார்கள். எண்ணெய் ஊற்றப்பட்டவர்களுக்கோ காய்ச்சல், வீக்கம், கடும் வலி. இனி யாரையும் இப்படிச் சுடுவதில்லை என்று முடிவெடுத்தார்.

ஏன் இந்த வித்தியாசம்?

சூடு பட்டால் காயத்தைச் சுற்றியுள்ள நல்ல சதையும் செத்துவிடும். செத்த சதையில் கிருமிகள் எளிதில் பெருகும். அதை அகற்றிய பிறகுதான் உடம்பு புதுத் தோலை வளர்க்க முடியும். கிருமிகளைப் பற்றி பாரேவுக்குத் தெரியாது. ஆனால் கண்ணால் கண்டதை நம்பினார்.

அப்புறம்?

1545-ல் இதைப் புத்தகமாக்கினார், அதுவும் சாதாரண அறுவை சிகிச்சையாளர்களுக்குப் புரியும் பிரெஞ்சு மொழியில். கை, கால்களை வெட்டி எடுக்கும்போது பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடாமல், ரத்தக் குழாயை நூலால் கட்டும் பழைய முறையை மீண்டும் கொண்டுவந்தார். 4 பிரெஞ்சு மன்னர்களுக்கு மருத்துவராக இருந்து, 1590-ல் பாரிஸில் இறந்தார்.

அதற்காக இன்று மஞ்சள் கருவைத் தடவாதீங்க! காயத்தை ஆற்றுவது உடம்புதான். கிருமித்தொற்று, கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோய், புகைப்பழக்கம், சத்துக் குறைவு எல்லாம் அந்த வேலையைத் தாமதப்படுத்தும். சின்னக் காயம் என்றால் சுத்தமான தண்ணீரில் கழுவி மூடிவைத்தால் போதும். ஆழமான காயம், சீழ், பரவும் சிவப்பு இருந்தால் உடனே டாக்டரைப் பாருங்க.