வளரி பயிற்றிய ஆசான் சின்ன மருது

மதுரையில் மாணவர் பலர் இன்று கராத்தே பயில்கின்றனர். கால் பெயர்க்கும் முறையையும் கை வீசும் முறையையும் பிழையின்றிச் செய்து காட்டுகின்றனர். ஆயின், ஒவ்வோர் அசைவும் எதன்பொருட்டு அமைந்தது என வினவினால் விடை கூறுவோர் சிலரே. பயனறியாப் பயிற்சி, பொருளறியாமல் மனப்பாடம் செய்த பாடலைப் போன்றது. இவ்வுண்மையை நம் மண்ணிலேயே உணர்த்துவது சிவகங்கைச் சின்ன மருதுவின் வாழ்வு.

நரிக்குடியை அடுத்த முக்குளத்தில் 1753ஆம் ஆண்டு பிறந்தவர் இவர் என்பர். தமையனார் பெரிய மருதுவுடன் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரிடம் பணிபுரிந்தார். 1772இல் காளையார்கோவிலில் மன்னர் வீழ்ந்தபோது, அரசியார் வேலுநாச்சியார் திண்டுக்கல்லை அடுத்த விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்தார். மருது சகோதரர் உடனிருந்து காத்தனர். ஹைதர் அலியின் துணையுடன் 1780இல் சிவகங்கை மீட்கப்பட்டது. பின்னர் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற சின்ன மருது, சிறுவயல் மாளிகையில் காவலரின்றி வாழ்ந்தார். எவரும் அவரைத் தடையின்றிக் காணலாம்.

அவர் கைதேர்ந்த கலை வளரி எறிதல். வளரி பிறைபோல் வளைந்தது. மரத்தாலோ இரும்பாலோ ஆனது. ஒரு முனை கனத்தும் மறுமுனை மெலிந்தும் இருக்கும். மெலிந்த முனையைப் பற்றி, தோளுக்கு மேலே சுழற்றி எறிவர். அச்சுழற்சி அழகுக்காக ஏற்பட்டதன்று. எறியும் விசையைப் பெருக்குவதற்கே ஏற்பட்டது. ஓடும் மானை எறிபவன், அது நிற்கும் இடத்தையன்று, சென்று சேரும் இடத்தையே குறிக்க வேண்டும். வேட்டைக் களம் கற்பித்த பாடம் இது.

1795ஆம் ஆண்டளவில் மதுரைப் பகுதியில் இருந்த கும்பெனிப் படையின் இளம் அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், ஈட்டியும் வளரியும் எறியும் கலையைச் சின்ன மருதுவிடம் பயின்றார். தேர்ந்த கையினின்று 100 கஜத் தொலைவுக்குள் குறி தவறாது செல்லும் படைக்கலம் அது என 1830இல் வெளிவந்த தம் நூலில் பதிவு செய்தார்.

காலம் மாறியது. 1801 ஜூன் திங்களில், எல்லாச் சாதியாரையும் இசுலாமியரையும் ஒருங்கே விளித்துக் கும்பெனியை எதிர்க்குமாறு சின்ன மருது திருச்சியில் அறிக்கை ஒட்டச் செய்தார். போர் மூண்டது. ஆசானை எதிர்த்த படையில் மாணவர் வெல்ஷும் நின்றார்! அவ்வாண்டு அக்டோபர் 24ஆம் நாள் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். சின்ன மருதுவின் மகன் துரைசாமி பினாங்குத் தீவிற்கு நாடு கடத்தப்பட்டார். 1818இல் வெல்ஷ் அவரை அங்கே கண்டபோது, அவர் தளர்ந்து முதுமையுற்றவராய்க் காட்சியளித்தார்.

போருக்குப் பின் கும்பெனியார் படைக்கலங்களைத் தடை செய்தனர். களத்தை இழந்த வளரி, கள்ளர் சமூகத்தில் சிலரது திருமணத்தில் இரு வீட்டாரும் மாற்றிக்கொள்ளும் சடங்குப் பொருளாய் எஞ்சியதை எட்கர் தர்ஸ்டன் 1909இல் குறித்துள்ளார். வடிவம் நின்றது, பயன் மறைந்தது. அக்கலையின் ஆற்றலை நாம் இன்று அறிவதற்கு, பகைவராய் மாறிய மாணவரின் எழுத்தையே நாட வேண்டியுள்ளது!

மாணவச் செல்வங்களே! எக்கலையைப் பயின்றாலும், இவ்வசைவு எதற்கு என ஆசானைப் பணிவுடன் கேளுங்கள். கேட்டறிந்ததை எழுதியும் வையுங்கள். கலை அழியாமல் நிற்பதற்கு அதுவே வழி.