மடக்கு நாற்காலியோடு ரயில் ஏறிய பெண்

1891-ம் ஆண்டு, குளிர்காலம் நெருங்கும் சமயம். போலந்து நாட்டில், வார்சா நகர ரயில் நிலையத்தில் ஓர் இளம் பெண் நின்றுகொண்டிருந்தாள். வயது இருபத்து நான்கு. பாரிசுக்குப் போகிறாள். கையில் போர்வை, வழிக்குச் சாப்பாடு. கூடவே ஒரு மடக்கு நாற்காலி!

நாற்காலி எதற்கு? ஜெர்மனியில் அப்போது நாலாம் வகுப்புப் பெட்டியில் எல்லோருக்கும் உட்காரப் பலகை இருக்காது. அதற்கு மேல் டிக்கெட் எடுக்க அவளிடம் பணம் இல்லை.

வழியனுப்ப வந்த தந்தைக்கு அவள் ஒரு வாக்குக் கொடுத்தாள். இரண்டு வருஷம், மிஞ்சினால் மூன்று வருஷம். படித்து முடித்ததும் திரும்பி வந்து, அவரோடு இருந்து, ஆசிரியையாக வேலை பார்ப்பதாகச் சொன்னாள்.

அவள்தான் பின்னாளில் ரேடியத்தைக் கண்டுபிடித்த மேரி கியூரி அம்மையார். அன்று மார்யா. வீட்டில் மான்யா.

வேற்று மொழியின் தொல்லை மார்யாவுக்குப் புதிதல்ல. சொந்த ஊரிலேயே அதை அனுபவித்தவர் அவர். வார்சா அப்போது ருஷியச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. பள்ளியில் பாடம் ருஷிய மொழியில்தான். போலந்துச் சரித்திரத்தைத் திருட்டுத்தனமாகவே சொல்லிக் கொடுப்பார்கள். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று மணி அடித்தால் போதும், புத்தகங்கள் மாயமாய் மறையும்; சிறுமிகள் தையல் வேலையில் மூழ்கிவிடுவார்கள். இன்ஸ்பெக்டரின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மான்யாவைத்தான் எழுப்பி விடுவார்கள். ருஷிய மொழி அவருக்கு அவ்வளவு நன்றாக வரும். சக்கரவர்த்திகளின் பெயர்களை வரிசையாக ஒப்பிப்பார். இன்ஸ்பெக்டர் போன பிறகு அழுவார்.

அங்கே சர்வகலாசாலையில் பெண்களுக்கு இடமில்லை. ஆகவே அக்காவும் தங்கையும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். முதலில் அக்கா புரோனியா பாரிசில் வைத்தியம் படிப்பது. தங்கை பணக்காரர் வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பணம் அனுப்புவது. பிறகு தங்கையின் முறை. அந்த முறை வரச் சில வருஷங்கள் ஆயின.

பாரிசில் அக்கா வீட்டிலேயே மார்யா தங்கினார். பிரெஞ்சு மொழி தமக்குத் தெரியும் என்றுதான் எண்ணியிருந்தார். சோர்போன் சர்வகலாசாலையில் முதல் பாடத்துக்குப் போனதும் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. பேராசிரியர் வேகமாகப் பேசினார். முழு வாக்கியங்களே காதில் நில்லாமல் ஓடின. கணக்கிலும் தாம் பின்தங்கியிருப்பது தெரிந்தது.

மாலையில் வீடு திரும்பினால் அங்கே ஒரு குட்டிப் போலந்து! நாடு கடந்து வந்த போலந்துக்காரர்கள் கூடுவார்கள். தேநீர், பலகாரம், பாட்டு, அரசியல். வீட்டு நினைவுக்கு அதைவிட நல்ல மருந்து ஏது? ஆனால் அந்த மருந்தே படிப்புக்கு எமனாக இருந்தது. நாள் முழுதும் தாய்மொழியிலேயே பேசிக்கொண்டிருந்தால் பிரெஞ்சு எப்படி வரும்?

1892-ல் மார்யா அங்கிருந்து கிளம்பிவிட்டார். அவர் வாழ்க்கையில் எடுத்த கடினமான முடிவுகளில் இதையும் சேர்க்கத்தான் வேண்டும். வெளிநாட்டில் சொந்தக்காரர் வீட்டை யார் விட்டுப் போவார்கள்?

சர்வகலாசாலைக்குப் பக்கத்தில் சிறு மாடி அறைகளில் குடியிருந்தார். ஆறு மாடி ஏறவேண்டும். கரியையும் தாமே சுமக்கவேண்டும். குளிரில் பாத்திரத்துத் தண்ணீர் உறைந்து போகும். துணிமணி எல்லாவற்றையும் போர்வைமேல் குவித்துக்கொண்டு படுப்பார். ரொட்டி, தேநீர், இதுதான் பெரும்பாலும் சாப்பாடு. ஒரு நாள் மயங்கி விழுந்தார். டாக்டரான அக்கா கணவர் வந்து பார்த்து, வீட்டுக்கு அழைத்துப் போய் வயிறாரச் சாப்பிட வைத்தார். உடம்பு தேறியதும் மார்யா மறுபடி மாடிக்கே போய்விட்டார்!

இரவில் நூல்நிலையம்தான் புகலிடம். அங்கே விளக்கும் கணப்பும் இலவசம். பத்து மணிக்குக் கதவை மூடும் வரை உட்கார்ந்து படிப்பார்.

1893-ல் பௌதிகப் பரீட்சையில் முதலாவதாகத் தேறினார். மறு வருஷம் கணிதத்தில் இரண்டாவது இடம். பிரெஞ்சும் கைவந்துவிட்டது. 'ர' என்ற ஒலியில் மட்டும் போலந்து லேசாக எட்டிப் பார்க்கும்.

இனி ஊர் திரும்ப வேண்டியதுதான். 1894 கோடையில் போலந்துக்குப் போனார். ஆனால் அதற்குள் பியர் கியூரி என்ற பிரெஞ்சு விஞ்ஞானி அவர் வாழ்வில் குறுக்கிட்டுவிட்டார். அவரிடமிருந்து கடிதத்துக்கு மேல் கடிதம் வந்தது. தாமே போலந்துக்கு வந்துவிடத் தயார் என்றுகூட அவர் சொன்னார். மார்யா பாரிஸ் திரும்பினார். 1895-ல் திருமணம். தந்தைக்குக் கொடுத்த வாக்கு அத்தோடு போயிற்று.

அந்த உறுத்தல் அவரை விடவில்லை. 1898 ஜூலையில் தம்பதிகள் ஒரு புதிய மூலகத்தைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பொலோனியம் என்று பெயர் வைத்தார்கள். ருஷியா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்கு போட்டுக்கொண்டதால் போலந்து என்ற நாடே அப்போது உலகப் படத்தில் இல்லை! படத்தில் இல்லாத பெயர் விஞ்ஞான நூல்களில் ஏறியது. அந்தச் செய்தி பாரிசில் மட்டுமல்ல, வார்சாவிலும் போலந்து மொழியில் வெளியாயிற்று.

தந்தை 1902-ல் நோயுற்றார். செய்தி கேட்டு அம்மையார் ஓடினார். ரயில் வார்சா சேருமுன் அவர் கண்ணை மூடிவிட்டார். மூடிய சவப்பெட்டியை மகளுக்காகத் திறந்து காட்டினார்கள்.

நோபல் பரிசு இருமுறை வந்தது. பெண்கள் இருவரும் பிரான்சில் பிறந்தவர்கள்; அவர்களுக்குப் போலந்து மொழி கற்பிக்க ஏற்பாடு செய்தார். 1918-ல் போலந்து விடுதலை அடைந்தது. 1932-ல் வார்சாவில் ரேடியம் நிலையத்தைத் திறந்து வைக்கப் போனார். அதன் தலைவியாக எதிரே நின்றவர் அக்கா புரோனியா!

1934-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி அம்மையார் பிரான்சில் காலமானார். அடக்கத்துக்கு வார்சாவிலிருந்து அக்காவும் அண்ணனும் வந்திருந்தார்கள். குழிக்குள் அவர்கள் போட்டது போலந்திலிருந்து கொண்டுவந்த ஒரு பிடி மண்.