இரு களங்கண்ட கோட்டா ராமசாமி

கல்வியாலும் கொடையாலும் பெரும் பதவியாலும் கீர்த்தி பெற்றோர் சரித்திரங்களையே இப்பத்திரிகையில் படித்துவந்த நேயர்கள், விளையாட்டினால் பெயர் பெற்ற ஒருவரின் வரலாற்றை இம்மாதம் நாம் எடுத்துக்கொண்டது குறித்துச் சிறிது வியப்படையலாம். விளையாட்டென்பது சிறுவர் பொழுதுபோக்கென்றும், அதில் நாட்டங்கொண்டவன் படிப்பையும் பிழைப்பையும் ஒருங்கே இழப்பானென்றும் எண்ணும் வழக்கம் நம் குடும்பங்களில் ஆழ வேரூன்றியுள்ளது. அவ்வெண்ணம் முற்றிலும் சரியன்று என்பதற்குக் கோட்டா ராமசாமி அவர்களின் வாழ்க்கை தக்கதோர் சான்றாகும்.

இவர் 1896-ஆம் வருஷம் ஜூன் மாதம் 16-ந் தேதி சென்னையில் பிறந்தார். இவருடைய பிதா, தென்னாட்டுக் கிரிக்கெட்டின் தந்தையெனப் போற்றப்படும் புச்சிபாபு நாயுடு. அக்காலத்தில் சேப்பாக்கத்து மைதானம் வெள்ளையர் சங்கத்தின் வசம் இருந்தது. ஆட வந்த இந்தியர் அவர்களோடு சமமாக அமர்ந்து உண்ணவும் இயலாது, மரநிழலில் ஒதுங்க வேண்டிய நிலை இருந்ததாகச் சொல்லுவர். இவ்விழிவைப் பொறாத புச்சிபாபு, அவர்களை இரந்து நிற்கவுமில்லை, வீண் பூசலிடவுமில்லை. 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப் என்னும் சங்கத்தை நிறுவி, நம் இளைஞரைப் பழக்கி, ஆட்டத்திலேயே சமத்துவத்தை நிலைநாட்ட முற்பட்டார். இந்தியரும் ஐரோப்பியரும் எதிரெதிர் நின்று ஆடும் போட்டியொன்றை அவர் ஏற்பாடு செய்துவந்தார். அது நிறைவேறுமுன் 1908-இல் காலமானார். அப்போது ராமசாமிக்கு வயது பன்னிரண்டே.

தாய்வழிப் பாட்டனார்க்குத் தத்துப் புத்திரராய்ச் சென்றமையால் இவருக்குக் கோட்டா என்னும் குடும்பப் பெயர் வாய்த்தது. எனினும் தந்தை விதைத்த வித்து வீணாகவில்லை. மயிலாப்பூர் லஸ்ஸிலிருந்த அக்குடும்பத்து மாளிகையில் விளையாட்டு அன்றாட நியமம் போலவே நடந்துவந்தது. தமையன்மாரும் சிறந்த ஆட்டக்காரராய் விளங்கினர். தந்தையார் கனவுகண்ட மாகாணப் போட்டி 1915-ஆம் வருஷத்தில் முறையாகத் தொடங்கியபோது, இளைஞர் ராமசாமியும் கிரிக்கெட் களத்தில் இறங்கலானார்.

பின்னர் உயர்கல்வியின் பொருட்டு இவர் சீமைக்குச் சென்று கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் பயின்றார். அங்கே இவர் கீர்த்திக்குக் காரணமாய் இருந்தது டென்னிஸ். நாடுகளுக்கிடையே நடைபெறும் டேவிஸ் கோப்பைப் போட்டியில் இந்தியா முதன்முதலாகக் கலந்துகொண்டது 1921-இல். அடுத்த வருஷமே ராமசாமி இந்தியாவின் சார்பில் இரட்டையர் ஆட்டத்தில் களமிறங்கினார். ருமேனியாவை நம்மவர் வென்றனர். அடுத்த சுற்றில் ஸ்பெயினிடம் தோற்றனர். அடிமைப்பட்டிருந்த ஒரு நாட்டின் பெயரைச் சுதந்திர நாடுகளின் பெயர்களோடு சேர்த்து உச்சரிக்கச் செய்தது அவ்வாட்டம் என்பதை நாம் மறத்தலாகாது.

தாயகம் திரும்பியபின் இவர் சென்னை அரசாங்கத்து விவசாய இலாகாவில் உத்தியோகம் ஏற்றார். அந்நாளில் டென்னிஸும் கிரிக்கெட்டும் நம்மவர்க்குச் சோறிடவில்லை. இவர் உத்தியோகக் கடமையையும் விட்டிலர், மைதானத்தையும் துறந்திலர்.

வயது நாற்பதை எட்டியது. பலர் ஆட்டத்தை விட்டுப் பேரப்பிள்ளைகளை எதிர்நோக்கும் பிராயம் அது. ஆயினும் 1936-இல் இங்கிலாந்து சென்ற இந்தியக் கிரிக்கெட் குழுவில் இவருக்கு இடங்கிடைத்தது. விஜயநகரம் மகாராஜகுமாரர் தலைமை தாங்கிய அக்குழுவில் ஒற்றுமை குன்றியிருந்தது. அமர்நாத் போன்ற வீரர் நடுவிலேயே திருப்பியனுப்பப்பட்டார். இத்தகைய நிலையில் ஜூலை 25-ந் தேதி மான்செஸ்டரில் தொடங்கிய டெஸ்டில் ராமசாமி முதன்முதலாக ஆடினார். மட்பாண்டத்தின் தரம் சூளையிலிருந்து வெளிவரும்போதே விளங்கும் என்பது பீங்கான் தொழிலுக்குப் பேர்போன விருத்தாசலத்தில் வாழும் நமக்குச் சொல்லாமலே தெரியும். நாற்பதாண்டு வெந்த இம்மண் விரிசல் விடவில்லை. முதல் இன்னிங்ஸில் இந்தியா 203 ஓட்டங்களில் சுருண்டபோது இவர் 40 எடுத்தார். இங்கிலாந்தோ 571 ஓட்டங்கள் குவித்தது. தோல்வி நிச்சயமென்றிருந்த வேளையில் மெர்ச்சண்டும் முஷ்டாக் அலியும் முதல் விக்கெட்டுக்கு 203 ஓட்டங்கள் சேர்க்க, ராமசாமி தம் பங்கிற்கு 60 எடுத்து நின்றார். ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. ஓவல் மைதானத்து அடுத்த டெஸ்டில் 29-உம், ஆட்டமிழக்காது 41-உம் எடுத்தார். இவர் ஆடிய டெஸ்டுகள் இவ்விரண்டே. எடுத்த ஓட்டங்கள் 170.

டேவிஸ் கோப்பையிலும் டெஸ்ட் கிரிக்கெட்டிலும் நாட்டின் சார்பாக நின்ற பெருமை இவ்வாறு இவருக்கு உரித்தாயிற்று. அக்குழுவிலேயே சென்ற எம். ஜே. கோபாலன் ஹாக்கியிலும் வல்லவர். பெர்லின் ஒலிம்பிக்கை விடுத்துக் கிரிக்கெட்டை நாடிச் சென்ற அவருக்கு அப்பயணத்தில் ஒரு டெஸ்டிலும் வாய்ப்பளிக்கப்படவில்லை. திறமையோடு காலமும் கூடிவர வேண்டுமென்பதற்கு இவ்விருவரும் உதாரணமாவர்.

ஆடுகளத்தை விட்டபின்னும் ராமசாமி ஆட்டத்தை விட்டாரில்லை. இந்தியக் குழுவைத் தேர்ந்தெடுப்போருள் ஒருவராய் இருந்தார். 1953-இல் ஹசாரே தலைமையில் இந்தியா முதன்முறையாக மேற்கிந்தியத் தீவுகளில் ஆடியபோது, குழுவின் மேலாளராய் உடன் சென்றார். கடல் கடந்த தூரத்தில் பல மாகாணத்து இளைஞரை ஒரு குடும்பமாக நடத்துவது எளிதன்று. ஐந்து டெஸ்டுகளில் ஒன்றில் மட்டுமே நம்மவர் தோற்றனர். பின்னர்த் தம் விளையாட்டு அனுபவங்களை ஆங்கிலத்தில் ஒரு நூலாகவும் எழுதினார்.

இத்துணைச் சிறப்புற்ற வாழ்வின் முடிவோ நம் மனத்தை உருக்குவது. 1985-ஆம் வருஷம் அக்டோபர் 15-ந் தேதி, எண்பத்தொன்பது வயதினரான அம்முதியவர் சென்னையில் தம் இல்லத்தை விட்டு வெளியே சென்றார், மீண்டிலர். தேடியும் கிடைத்திலர். கிரிக்கெட் உலகத்தார் பின்னர் அவரைக் காலமானோருள் சேர்த்தெழுதினர். ஆயினும் அவருடைய முடிவு எந்நாளில், எவ்விடத்தில் நேர்ந்ததென்பது வெளிப்படவேயில்லை. அவருக்குத் திதி கொடுக்கவும் நிச்சயமான ஒரு நாள் இல்லாது போயிற்று.

அன்பர்காள்! இச்சரித்திரத்தால் நாம் அறியத்தக்கவை இரண்டு. ஒன்று, நம் சிறார் மைதானத்திற்குச் செல்வதைத் தடுக்காதிருத்தல். உடலுறுதியும், தோல்வியைத் தாங்கும் நெஞ்சும், பிறரோடு கூடி உழைக்கும் குணமும் அங்கே கிடைப்பன. அவை படிப்புக்குப் பகையல்ல. மற்றொன்று, நம் வீட்டு முதியோர்பால் கண்ணுங் கருத்துமாயிருத்தல். முதுமையில் நினைவு தடுமாறுவோர் எக்குடும்பத்திலும் உண்டு. அவர்கள் வாயிலைக் கடந்து செல்லும்போது யாராவது ஒருவர் அறிந்திருத்தல் வேண்டும். அண்டை வீட்டாரும் சங்கத்து இளைஞரும் அவர்களை முகமறிந்து விசாரித்துத் துணை செல்லுதல் வேண்டும். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. அன்பும் விழிப்பும் போதும். இவ்விரண்டையும் நம் குடும்பங்கள் கைக்கொள்ளுமாயின், அப்பெரியாரின் நினைவுக்கு நாம் செய்யும் மரியாதை அதுவேயாகும்.