கைப்பிடி அரிசி டு 100 கிராம்: காமராஜர் வாழ்க்கை சொல்லும் சமையல் கணக்கு

விருதுநகரில் இருந்து சிவகாசி போகும் வழியில் இருக்கிறது ஆமத்தூர். இந்தப் பக்கத்துப் பாட்டிகளிடம் சமையல் அளவு கேட்டால் ஆழாக்கு, உழக்கு, படி என்பார்கள். ரெசிபி வீடியோவோ கிராமில் பேசுகிறது. முதலாவது கொள்ளளவு, இரண்டாவது எடை. இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? இதே வட்டாரத்தில் பிறந்த காமராஜரின் வாழ்க்கையில் பதில் இருக்கிறது.

பிடி அரிசிப் பள்ளிக்கூடம்

1903 ஜூலை 15 அன்று, அப்போது விருதுபட்டி எனப்பட்ட விருதுநகரில் பிறந்தார் காமராஜர். அப்பா குமாரசாமி, அம்மா சிவகாமி. சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தார். அவர் படித்தது சத்திரிய வித்யாசாலாவில். வீடுகளில் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். அதைத் திரட்டி நடத்தப்பட்ட பள்ளிக்கூடம் அது.

அந்தப் பள்ளி நாட்களைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். விநாயகர் சதுர்த்திக்கு எல்லாப் பையன்களும் ஒரே காசுதான் கொடுத்தார்கள். முண்டியடித்தவர்களுக்கு நிறைய பிரசாதம், ஒதுங்கி நின்ற காமராஜருக்குக் கொஞ்சம். காசு சமம் என்றால் பங்கு மட்டும் ஏன் சமம் இல்லை என்று வீட்டில் கேட்டாராம்.

படிப்பு பாதியில் நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலை பார்த்தார். பிறகு காங்கிரஸில் சேர்ந்தார். 1930 உப்பு சத்தியாகிரகத்தில் கைதாகி அலிப்பூர் சிறைக்குப் போனார். மொத்தத்தில் சுமார் 9 வருடம் ஜெயில் வாழ்க்கை.

ஒரே வருடம், இரண்டு மாற்றம்

1954 ஏப்ரலில் முதலமைச்சர் ஆனார். 1956இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. ஆரம்பத்தில் அதற்கும் ஊர் மக்கள்தான் கை கொடுத்தார்கள். அதே 1956இல் நாடாளுமன்றம் எடை, அளவுத் தரச் சட்டத்தை நிறைவேற்றியது. 1958 அக்டோபரில் இருந்து கிலோவும் லிட்டரும் கட்டம் கட்டமாக வந்தன.

அதுவரை 8 ஆழாக்கு ஒரு படி, 8 படி ஒரு மரக்கால். ஆனால் படியின் அளவே ஊருக்கு ஊர் மாறும். போதாததற்கு, தலைதட்டி அளந்தால் ஒரு கணக்கு, கோபுரமாகக் குவித்து அளந்தால் வேறு கணக்கு.

டம்ளரை கிராமாக மாற்றுவது எப்படி?

200 மில்லி டம்ளரில் தண்ணீர் பிடித்தால் 200 கிராம். மற்ற பொருட்களுக்கு அப்படி இல்லை. அதே டம்ளரைத் தலைதட்டி அளந்தால் தோராயமாக:

அரிசி: 160 கிராம்
சர்க்கரை: 170 கிராம்
கோதுமை மாவு: 100 முதல் 110 கிராம்
தூள் உப்பு: 240 கிராம்

மாவுத் துகள்களுக்கு நடுவே காற்று அதிகம், அதனால் எடை குறைவு. அமுக்கி நிரப்பினால் ஏறிவிடும். கல் உப்பில் இடைவெளி அதிகம் என்பதால் தூள் உப்பைவிட எடை குறையும். எனவே எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு போட முடியாது. உங்கள் வீட்டு டம்ளரில் ஒவ்வொரு பொருளையும் ஒரே ஒரு முறை தராசில் நிறுத்து எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

20 குழந்தைகளின் பங்கு

வீட்டில் தப்பினால் கேக் சரியாக வராது, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் அப்படி இல்லை. மத்திய அரசு விதிப்படி இன்று தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் தானியம். 100 குழந்தைகளுக்கு 10 கிலோ அரிசி. 200 மில்லி டம்ளர் என்றால் 200 கிராம் என்று நினைத்து 50 டம்ளர் போட்டால், உலையில் விழுவது 8 கிலோதான். 20 குழந்தைகளின் பங்கு காணாமல் போகிறது. யாரும் திருடவில்லை, கணக்குதான் தப்பு.

காமராஜர் 1963 அக்டோபர் 2 அன்று முதல்வர் பதவியில் இருந்து விலகினார். 12 வருடம் கழித்து அதே அக்டோபர் 2 அன்று மறைந்தார். மனமுவந்து கொடுப்பவர் கைப்பிடி கணக்கில் கொடுக்கலாம், கை பெரிதோ சிறிதோ பரவாயில்லை. குழந்தைக்கு உரிமையாகச் சேர வேண்டிய சோற்றை மட்டும் நிறுத்துத்தான் போட வேண்டும்.