பீட்டர் ஸ்காட்

சர் பீட்டர் மார்க்கம் ஸ்காட் (செப்டம்பர் 14, 1909 – ஆகஸ்ட் 29, 1989) இங்கிலாந்தைச் சேர்ந்த பறவையியலாளர், ஓவியர், இயற்கைப் பாதுகாப்பாளர் ஆவார். காட்டு வாத்துகளை அழகுக்காக வளர்ப்பது செல்வந்தர்களின் பொழுதுபோக்காக இருந்த நிலையில், அதனை அழியும் இனங்களைக் காக்கும் வழியாக மாற்றியவர்களுள் இவர் முதன்மையானவர். 1961 இல் உலக இயற்கை நிதியத்தை நிறுவியவர்களுள் ஒருவர்.

இளமை

இவர் இலண்டனில் பிறந்தார். தந்தை தென்முனைப் பயணி ராபர்ட் பால்கன் ஸ்காட். தாய் சிற்பி கேத்லீன். 1912 இல் தென்முனையிலிருந்து திரும்பும் வழியில் தந்தை இறந்தார். மகனுக்கு இயற்கையில் ஈடுபாடு உண்டாக்குமாறு அவர் தம் இறுதிக் கடிதத்தில் மனைவியைக் கேட்டிருந்தார். பீட்டர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்றார். இளமையில் வாத்து வேட்டையில் பெருவிருப்பம் கொண்டிருந்தார். பிற்காலத்தில் அதனைக் கைவிட்டார். 1930களில் லிங்கன்ஷயரில் ஒரு பழைய கலங்கரை விளக்கத்தில் தங்கி, ஓவியம் தீட்டியும் காட்டு வாத்துகளை வளர்த்தும் வந்தார்.

ஸ்லிம்பிரிட்ஜ் காப்பகம்

1946 நவம்பரில் செவர்ன் ஆற்றோரம் உள்ள ஸ்லிம்பிரிட்ஜில் நீர்ப்பறவை அறக்கட்டளையை நிறுவினார். குளிர்காலத்தில் அங்கு வலசை வரும் பறவைகளுடன், பல நாடுகளின் வாத்துகளும் அன்னங்களும் குளங்களில் வளர்க்கப்பட்டன. வளர்ப்புப் பறவைகள் பறந்து செல்லாதிருக்க, குஞ்சுப் பருவத்திலேயே ஒரு சிறகின் நுனிப்பகுதியை நீக்குவது வழக்கம். நரிகளைத் தடுக்க வேலி அமைப்பதும், முட்டைகளை வீட்டுக் கோழிகளைக் கொண்டு அடைகாக்கச் செய்வதும் இத்தகைய வளர்ப்பின் பிற முறைகளாகும்.

நேனே வாத்து

ஹவாய்த் தீவுகளுக்கே உரிய நேனே வாத்து, வேட்டையாலும், வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட கீரி, பூனை முதலியவற்றாலும் 1950 அளவில் ஏறத்தாழ 30 பறவைகளாகக் குறைந்தது. அவ்வாண்டு ஸ்லிம்பிரிட்ஜுக்கு இணையெனக் கருதி அனுப்பப்பட்ட இரண்டுமே முட்டையிட்டன. இரண்டும் பெட்டைகள் என அப்போதே தெரிந்தது. 1951 இல் ஓர் ஆண் பறவை வரவழைக்கப்பட்டது. 1952 இல் 9 குஞ்சுகள் பொரித்தன. 1962 இல் 30 பறவைகள் ஹவாயின் மாவி தீவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டுக் காட்டில் விடப்பட்டன.

செந்நிற வாத்துச் சிக்கல்

இதே காப்பகத்தில் வளர்க்கப்பட்ட வட அமெரிக்கச் செந்நிற வாத்துகளின் குஞ்சுகள் சில, சிறகு நறுக்கப்படாத நிலையில் 1950களில் வெளியேறின. அவற்றின் வழித்தோன்றல்கள் பிரித்தானியாவில் பெருகி ஸ்பெயினையும் அடைந்தன. 1977 இல் ஸ்பெயினில் 22 பறவைகளே எஞ்சியிருந்து மீண்டு வந்த வெண்தலை வாத்துகளுடன் அவை கலந்து இனப்பெருக்கம் செய்தன. அவ்வினம் தன் தனித்தன்மையை இழக்கும் இடர் ஏற்பட்டதால், 2005 இல் பிரித்தானிய அரசு செந்நிற வாத்துகளைச் சுட்டு ஒழிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஓரினத்தை மீட்ட அதே வளர்ப்புமுறை, கவனம் பிசகினால் மற்றோரினத்துக்குக் கேடாகும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

இறுதிக்காலம்

1973 இல் சர் பட்டம் பெற்றார். 1987 இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1989 இல் தமது 79ஆம் அகவையில் பிரிஸ்டலில் காலமானார். நேனேயின் எண்ணிக்கை உயர்ந்ததால், 2019 இல் அமெரிக்க அரசு அதனை அருகிய இனம் என்ற நிலையிலிருந்து அச்சுறுத்தலுக்குட்பட்ட இனம் என்ற நிலைக்கு மாற்றியது.